அம்மன் ஊற்றும் மண்ணெண்ணெயும்

எங்கள் தோட்டத்தில் மண்ணெண்ணெய் இரண்டு வகை. ஒன்று விளக்குக்கு, மற்றொன்று கானுக்கு. ரப்பர் காட்டுக்குள் ஓடும் வடிகால்களையும் சிற்றோடைகளையும் நாங்கள் கான் என்போம். விளக்கு எண்ணெயைத் தங்காக் பட்டணத்துக் கடைத்தெருவிலிருந்து போத்தலில் வாங்கி வருவார்கள். கான் எண்ணெய் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் பின்னாலுள்ள கொட்டகையில் பீப்பாய் பீப்பாயாகக் கிடக்கும். அது கொசுப் புழுவைக் கொல்வதற்கு. அதில் தார் போன்ற கறுப்பு எண்ணெயையும் கலந்திருப்பார்கள். அப்படியும் எங்கள் லயத்து வரிசை வீட்டுக்காரர் ஒருவர் கெட்டிக்காரத்தனமாக ஒரு போத்தல் கான் எண்ணெயை மறைத்துக் கொண்டுவந்து வீட்டுச் சிமினி விளக்கில் ஊற்றிவிட்டார். மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு அவரும் அவர் மனைவியும் வந்து நின்றபோது இருவருக்கும் மூக்கின் கீழே ஒரே அளவில் கரிமீசை இருந்தது. அந்த அம்மாளின் மீசையைச் சொல்லிச் சொல்லி லயமே ஒரு மாதம் சிரித்தது.

கான் எண்ணெய்க்கு அதிகாரி என் மாமா, அம்மாவின் தம்பி. அதிகாரி என்று நான்தான் சொல்லிக்கொண்டேன். தோட்டத்தில் அவரை எண்ணெய்க்காரன் என்றார்கள். முதுகில் செப்புத் தொட்டியைக் கட்டிக்கொண்டு, இடது கையால் பிடியை ஏற்றி இறக்கி, வலது கையில் குழாயைப் பிடித்து, லேடாங் மலையடிவாரத்துப் பள்ளங்களில் நாளுக்கு ஒரு பள்ளமாக நடப்பார். ஒவ்வொரு கானுக்கும் வாரம் ஒருமுறை எண்ணெய் விழ வேண்டும். விழுந்த எண்ணெய் தண்ணீரின்மேல் மெல்லிய தோலாகப் பரவி, வெயிலில் மயில் கழுத்து நிறம் காட்டும். மூச்சு வாங்க மேலே வரும் புழு அந்தத் தோலில் முட்டிச் சாகும். அதுதான் கணக்கு.

மாமாவிடமிருந்து எந்நேரமும் மண்ணெண்ணெய் வாடை வரும். அவர் சட்டையை அம்மா வீட்டுக்குள் விடமாட்டாள், வெளிக் கொடியில்தான் தொங்கும். கள்ளுக்கடை ஆட்கள்கூட அவரைப் பக்கத்தில் உட்காரவிடுவதில்லை, கள்ளின் ருசியே மாறிப்போகிறதாம். அதனாலோ என்னவோ அவருக்குக் குடிப்பழக்கமே வரவில்லை. பெண் கொடுப்பவர்கள் யோசித்தார்கள். பெண் அடுப்பு மூட்டினால் மாப்பிள்ளை பற்றிக்கொள்வான் என்று லயத்துப் பெண்கள் கேலி பேசினார்கள். அவர் சிரித்துக்கொண்டே எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போவார். ஊரிலிருந்து கப்பலில் வந்த வருஷமே அம்மாவையும் மாமாவையும் பெற்றவர்கள் இருவரும் காய்ச்சலில் போய்விட்டதால், பன்னிரண்டு வயது அக்காதான் மூன்று வயதுத் தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்திருக்கிறாள். அவர்களுக்குள் அக்கா தம்பி என்பதைவிடத் தாய் பிள்ளை என்பதே பொருந்தும்.

காய்ச்சல் கொசுவால் வருகிறது என்பதைத் தோட்டத்தில் அப்போது இரண்டே பேர் நம்பினார்கள். ஒருவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸர் ஐயா, மற்றவர் என் மாமா. இத்தனூண்டு பூச்சி ஆளைக் கொல்லுமா என்று மற்றவர்களுக்குச் சிரிப்பு. அதிலும் டிரெஸர் ஐயா சொன்ன ஒரு விஷயத்தை யாராலும் ஏற்க முடியவில்லை. இந்தப் பக்கத்துக் காய்ச்சல் கொசு சாக்கடையைத் தேடிப் போகாதாம். வெயில் படுகிற, தெளிந்து ஓடுகிற, குடிக்கலாம் போன்ற தண்ணீரில்தான் முட்டையிடுமாம். சுத்தத்தைத் தேடும் கொசு என்று எங்கள் பெண்கள் அதற்கும் ஒரு கேலி வைத்திருந்தார்கள்.

அப்படித் தெளிந்த தண்ணீர் எங்கள் லயத்துக்குப் பின்னால் இருந்தது. பாறை இடுக்கிலிருந்து கசிந்து ஒரு சின்னக் குளமாகத் தேங்கும் அதை அம்மன் ஊற்று என்பார்கள். மாரியம்மன் திருவிழாவில் கரகம் அங்கேதான் ஜோடிப்பார்கள். பால்குடம் எடுக்கும் பெண்கள் ஊற்றுத் தண்ணீரில் குடத்தை அலசி, ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டுத்தான் பால் ஊற்றுவார்கள். எனக்கு ஏழு வயதான வருஷத் திருவிழாவில் அந்தத் தண்ணீரில் எண்ணெய் மிதந்தது. பூசாரி முகம் சுளித்தார். அன்றைக்கு அருள் வந்து ஆடிய பெண் ஒருத்தி, "என் தலையில மண்ணெண்ணெய ஊத்துறீங்களாடா?" என்று கேட்டுவிட்டாள். கூட்டம் நடுங்கிப்போயிற்று. மாமா கூட்டத்தின் கடைசியில் போய் நின்றுகொண்டார்.

எனக்கு எட்டு வயதான வருஷம் அம்மாவுக்கு ஒரு வேண்டுதல் இருந்தது. எனக்குப் பின் பிறந்த இரண்டு குழந்தைகள் ஒரு வயது நிறையும் முன்பே இறந்துவிட்டன. மூன்றாவதாகத் தம்பி பிறந்தான். இவன் ஒரு வயதைத் தாண்டினால் பால்குடம் எடுக்கிறேன், ஊற்றுத் தண்ணீரை அவன் தலையில் தெளிக்கிறேன் என்று அம்மா வேண்டிக்கொண்டாள். அவன் தாண்டிவிட்டான். குண்டாக, நான்கு பல்லோடு, எதைக் கண்டாலும் தட்டி ஓசை எழுப்பிப் பார்க்கிற பிள்ளை. வீட்டில் எல்லாருக்கும் உயிர் அவன்மேல்தான். எனக்குக் கொஞ்சம் பொறாமையும் இருந்தது.

திருவிழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, மாமா சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் அம்மா பேச்சை எடுத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"தம்பி, திருவிழா முடியிற வரைக்கும் அம்மன் ஊத்துல எண்ணெய் அடிக்காதடா."

"ஒரு வாரம் விட்டாலே புழு ஏறிடும் அக்கா. லயம் வேற பக்கத்துல இருக்கு."

"அவ்வளவு சுத்தமான தண்ணியிலயா?"

"அந்தத் தண்ணியத்தான் அது தேடுது."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "உன்னை இடுப்புல தூக்கி வளத்தவ கேக்குறேன். எம் புள்ளைக்கு வேண்டிக்கிட்டது. எண்ணெய் மெதக்குற தண்ணிய அவன் தலையில தெளிக்கச் சொல்றியா?"

மாமா ரொம்ப நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு சரி என்றார்.

சொன்னபடியே செய்தார். இது எனக்கு நிச்சயமாகத் தெரியும், ஏனென்றால் நான் பார்த்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் நாங்கள் சில பெண்பிள்ளைகள் ஊற்றுக்கு மேலே பாக்குக் கீரை என்கிற பெரணிக் கொழுந்து பறிக்கப் போவோம். மாமா அந்தப் பள்ளத்துக்கு வருவது புதன்கிழமைப் பிற்பகல். மூன்று புதன்கிழமையும் மேட்டிலிருந்து அவரைப் பார்த்தேன். ஊற்றங்கரை வரைக்கும் வருவார். குழாயைத் தூக்குவார், பிறகு இறக்கிவிடுவார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து தண்ணீருக்குள் எதையோ உற்றுப் பார்ப்பார். மூன்றாவது வாரம் அப்படி உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே வெகுநேரம் ஆயிற்று. அப்புறம் கீழே ஓடும் கானுக்குப் போய், அங்கே வழக்கத்தைவிட இரண்டு மடங்கு எண்ணெயை அடித்தார். பெரிய மனுஷர்கள் இப்படித்தான் ஏதாவது செய்வார்கள் என்று நான் கீரை பறிக்கப் போய்விட்டேன்.

திருவிழா மிக நன்றாக நடந்தது. திருவிழாவுக்கு முன்னிரவு பெய்த மழையில் மரங்களெல்லாம் கழுவி விட்டதுபோல் இருந்தன. ஊற்றுத் தண்ணீர் அடிப் பாறை தெரிகிற தெளிவு. எண்ணெய் வாடை துளியும் இல்லை. பூசாரி மனம் குளிர்ந்து அம்மாவின் குடத்துக்கு முதல் மாலையைப் போட்டார். அம்மா ஒரு கை தண்ணீர் அள்ளித் தம்பி தலையில் தெளித்தாள். அவன் அப்பாவின் தோளில் இருந்தபடி கையைத் தட்டிச் சிரித்தான். அம்மாவை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து லயத்தில் காய்ச்சல் தொடங்கியது. ஊற்றுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வரிசையில்தான் முதலில் வந்தது. எனக்கும் வந்தது. போர்வைக்குள் பல் கிட்டிக்கொண்டு கிடந்ததும், கொய்னா மருந்தின் கசப்பில் காது இரைந்ததும் நினைவிருக்கிறது. நான் தேறிவிட்டேன். தம்பிக்குக் கொய்னாவைத் தேனில் குழைத்துக் கொடுத்தார்கள், அவ்வளவையும் வாந்தி எடுத்தான். டிரெஸர் ஐயா தாமே வந்து அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். மூன்றாம் நாள் பிற்பகல் துணியில் சுற்றித் திருப்பிக் கொடுத்தார்கள். எங்கள் வரிசையில் இன்னும் இரண்டு பேர் அந்த வாரத்தில் போனார்கள். ஆனால் எனக்கு வீட்டில் அவன் தட்டுகிற சத்தம் இல்லாமல் போனதுதான் தெரிந்தது. பொறாமைப்பட்டதற்காகத்தான் இப்படி ஆயிற்றோ என்று யாரிடமும் சொல்லாமல் அழுதேன்.

அடக்கம் முடிந்து வந்த பிறகு அம்மா அழவில்லை. அவளுக்கு ஒரு யோசனை வந்துவிட்டிருந்தது. வேண்டுதலைக் குறையில்லாமல் செலுத்தியும் அம்மன் பிள்ளையை எடுத்துக்கொண்டாள் என்றால், குறை எங்கேயோ இருந்திருக்க வேண்டும். மாமா வாசலில் தலையைக் கவிழ்ந்து உட்கார்ந்திருந்தார். அம்மா எழுந்து போய் அவர் முன்னால் நின்றாள்.

"ஊத்துல எண்ணெய் அடிச்சியா? உண்மையச் சொல்லு."

நான் கதவோரம் நின்றேன். இல்லை என்று சொல்லப்போகிறார், அம்மா மனசு ஆறும் என்று காத்திருந்தேன். மாமா நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தார். சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களையும் பார்த்தார்.

"அடிச்சேன் அக்கா," என்றார். "டிரெஸருக்குப் பயந்து ஒரு வாரம் கொஞ்சமா அடிச்சேன். மழையில போயிடும்னு நெனச்சேன்."

அம்மா இரண்டு கையாலும் அவரை நெஞ்சில் அடித்தாள். அவர் தடுக்கவில்லை. இனி என் வாசலை மிதிக்காதே என்றாள். அவர் எழுந்து, கொடியில் தொங்கிய தன் சட்டையை எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டு நாளில் ஆபீஸ் விசாரணை வந்தது. அப்பா வந்து சொன்னதுதான் எங்களுக்குத் தெரியும். குடித்துவிட்டு மரத்தடியில் கிடந்தேன், கான்களை ஒழுங்காகப் பார்க்கவில்லை என்று மாமா பெரிய துரையிடம் ஒப்புக்கொண்டாராம். வேலை போயிற்று. மறுநாளே தோட்டத்தைவிட்டு வெளியேறச் சொல்லிவிட்டார்கள். குடித்தானா என்று அப்பா திரும்பத் திரும்பத் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். அம்மா ஒரே வார்த்தையில் முடித்தாள்: "அடிக்க வேண்டிய எடத்துல அடிக்காம, அடிக்கக் கூடாத எடத்துல அடிச்சான் பாவி." லயமும் அதையே சொன்னது. இரண்டுமே பொய் என்று தெரிந்தவள் எட்டு வயதுப் பெண் ஒருத்திதான்.

புறப்படும்போது மாமா லயத்துக்குப் பின்புறமாக, துவைக்கிற கல்லுப் பக்கம் போனார். நான் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க அடிக்கலையே மாமா. நான் பாத்தேனே."

அவர் மூட்டையைக் கீழே வைத்தார். "யாருகிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத. அம்மாகிட்ட எப்பவுமே சொல்லாத."

ஏன் என்று கேட்டேன். அவர் என் தலையைத் தடவிவிட்டுப் பெரிய ரோட்டுப் பக்கம் நடந்தார். ரோஷக்காரர், செய்யாத தப்புக்கு அடி வாங்கிய கோபத்தில் போகிறார் என்று எனக்குள் ஒரு முடிவு கட்டிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வேறொருவர் எண்ணெய் அடிக்க வந்தார். டிரெஸர் ஐயாவும் சும்மா இருக்கவில்லை. ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் கான் தண்ணீரை எடுத்துக்கொண்டு லயம் லயமாக வந்து பெண்களைக் கூட்டிவைத்துக் காட்டினார். "உங்கட பிள்ளையளுக்கு வாற காய்ச்சல் இதுக்குள்ளதான் நீந்துது, வடிவாப் பாருங்கோ," என்றார். ஊசி முனை அளவு புழுக்கள் தண்ணீரின் மேல்மட்டத்தில் படுத்துக் கிடந்தன. எங்கள் வீட்டு விளக்கையே வாங்கி அதிலிருந்து இரண்டு சொட்டு எண்ணெயை விட்டார். புழுக்கள் துடித்துத் துடித்து ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. மற்றவர்கள் கலைந்துபோன பிறகும் அம்மா அந்தப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று முதல் நம்புகிறவர்கள் கூட்டத்தில் அவளும் ஒருத்தி. எண்ணெய்க்காரர் வரத் தாமதமானால் அவளே போய்க் கேட்டாள். மாமாமேல் இப்போது அவளுக்கு இரண்டு கோபம், அம்மன் தண்ணீரைக் கெடுத்ததற்கு ஒன்று, மற்றக் கான்களை விட்டதற்கு ஒன்று.

கோபம் இருந்ததே ஒழிய நினைப்பும் போகவில்லை. கருவாட்டுக் குழம்பு வைக்கும் நாளில் கை தவறி ஒரு ஆள் சோறு கூடுதலாக வடித்துவிடுவாள். அதை நாய்க்குப் போடும்போது முகம் கறுத்திருக்கும். அடுத்த திருவிழா நெருங்கியபோது, கோயில் பக்கமே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அந்தச் சமயத்தில்தான் தங்காக்குக்குப் போய்வந்த அப்பா, மாமா மூவாரில் தவ்கே என்று சொல்லும் ஒரு சீன முதலாளியின் பலகை ஆலையில் வேலை செய்வதாகவும், ஆள் பாதியாக இளைத்துவிட்டதாகவும் கேள்விப்பட்டு வந்து சொன்னார். அன்று இரவு அம்மா சாப்பிடவில்லை.

நான் இரண்டு நாள் யோசித்தேன். மாமா சொல்லாதே என்றார். ஆனால் சொன்னால் அம்மாவின் கோபம் போய்விடும், மாமா திரும்பி வந்துவிடுவார், அம்மனுக்கும் நம்மேல் கோபம் இல்லை என்று தெரிந்துவிடும். இவ்வளவு நல்ல சேதியை ஒரு வருஷமாக வயிற்றுக்குள் வைத்திருந்ததே தப்பு என்று தோன்றியது. மூன்றாம் நாள் பகலில் அம்மா முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே போய் உட்கார்ந்தேன்.

"அம்மா, மாமா ஊத்துல எண்ணெய் அடிக்கவே இல்லம்மா. நான் மேட்டுலேருந்து பாத்தேன்."

அம்மாவின் விரல் அரிசியில் நின்றது. "ஒரு வாரமா?"

"மூணு வாரமும். வந்து பாத்துட்டுப் போயிடுவாரு. நீங்க சொன்ன மாதிரியே செஞ்சாரும்மா. அன்னிக்குத் தண்ணி சுத்தமாத்தான் இருந்துச்சு."

அம்மா என்னையே பார்த்தாள். மாமா சொன்ன பொய்யைப் பற்றி ஏதாவது கேட்பாள் என்று நினைத்தேன். அவளோ குனிந்து மறுபடி கல் பொறுக்கத் தொடங்கினாள். கல்லை எறிவதுபோல அரிசியையும் எடுத்து எடுத்து எறிந்துகொண்டிருந்தாள். அரிசிம்மா என்று சொன்னேன், அவள் காதில் விழவில்லை. நீ போய் விளையாடு என்றாள். நான் சந்தோஷமாக ஓடினேன்.

மறுநாள் விடிந்ததும் மூவாருக்குப் போகலாம் என்று அப்பாவிடம் சொன்னாள். ஏன் என்று அவர் கேட்டதற்கு, தன் தம்பியைப் பார்க்க வேண்டும் என்றாள். என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். பஸ் ஆற்றங்கரையோடு நின்றுவிட, படகில் அக்கரைக்குப் போனோம். அம்மா ஆற்றுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கோ கால் தரையில் பாவவில்லை. என்னால்தானே இந்தப் பயணம்.

பலகை ஆலை வாசலில் மரத்தூள் குவியலுக்குப் பக்கத்தில் மாமா நின்றிருந்தார். உண்மையாகவே பாதியாகத்தான் இருந்தார். அக்காவைக் கண்டதும் தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அம்மா நேராக நடந்து போனாள். போய், தடாலென்று அவர் காலில் விழுந்தாள். அக்கா தம்பி காலில் விழுந்து நான் பார்த்ததே இல்லை. யாருமே பார்த்திருக்கமாட்டார்கள். அப்பா பதறிப்போய் இரண்டடி முன்னால் வைத்தார்.

மாமா அவளை அள்ளித் தூக்கி நிறுத்தினார். அம்மா அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, என் தம்பி செத்தபோதும் அழாத அழுகையை அழுதாள். "நான்தான்டா, நான்தான்," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இல்லை அக்கா, இல்லை அக்கா என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு அவள் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"சொல்லிட்டியா?" என்றார்.

"ஆமா மாமா," என்றேன்.

அவர் முகத்தில் கோபம் இல்லை. ஒரு வருஷமாகத் தன் தலையில் சுமந்துகொண்டிருந்த பழியை நான் எடுத்து அம்மாவின் தலையில் வைத்துவிட்டேன் என்பது எனக்கு அப்போது தெரியாது. அக்காவையும் தம்பியையும் சேர்த்துவைத்துவிட்ட பெருமையில், மாமா என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை பாராட்டுவார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.